பெண் கொத்தனார்: தேவை ஒன்று

ஜெயக்கொடி அந்தப் பலகையை மூன்று முறை படித்தாள். முதல் முறை நம்பவில்லை. இரண்டாம் முறை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தாள். மூன்றாம் முறை தன் கண்ணை நம்பாமல் பக்கத்தில் நின்ற ஆரோக்கியமேரியைப் படிக்கச் சொன்னாள். மேரியும் படித்தாள். படித்துவிட்டுக் கையிலிருந்த டீயைக் காலில் ஊற்றிக்கொண்டாள்.

திருச்சி பால்பண்ணை ரவுண்டானாவில், கட்டட வேலைக்கு ஆள் நிற்கும் இடத்தில் அந்தப் பலகை இருக்கிறது. தினமும் காலை ஐந்தரை மணிக்கு அன்று நகரத்துக்கு எத்தனை கொத்தனார், எத்தனை சித்தாள், எத்தனை கம்பி கட்டுகிறவர் தேவை என்று வெளிச்ச எழுத்தில் சொல்லும். அதை இயக்கும் எந்திரத்துக்கு அரசு வைத்த பெயர் ஒரு முழ நீளம். ஜனங்கள் சுருக்கமாக ஜோசியர் என்றார்கள். வரைபட அனுமதி, சிமென்ட் லாரி, மழை, முகூர்த்த நாள், திருஷ்டிப் பூசணிக்காய் விற்பனை என்று எதையெல்லாமோ முகர்ந்து பார்த்து ஆள் கணக்குச் சொல்லிவிடும். ஆறு வருடமாக ஒரு நாள்கூடத் தப்பியதில்லை என்று பெயர்.

அந்தப் பலகையின் ஏழாவது வரி இதுதான்: பெண் கொத்தனார், தேவை 0. ஆறு வருடமும் அதே பூஜ்ஜியம். ஆடிக்கும் பூஜ்ஜியம், தைக்கும் பூஜ்ஜியம். அந்த வரியை யாரும் பார்ப்பதையே விட்டு நாளாகிவிட்டது, ஜெயக்கொடியைத் தவிர. அவள் தினமும் பார்ப்பாள். பார்த்துவிட்டுப் போய்ச் சித்தாள் வரிசையில் நிற்பாள்.

அன்று வியாழக்கிழமை, அந்த வரியில் 1 என்றிருந்தது.

நியாயமாகச் சொல்வதென்றால், ஜோசியர் வந்ததால் நன்மை கொஞ்சநஞ்சமில்லை. முன்பெல்லாம் நூறு பேர் வந்து நின்று நாற்பது பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள். இப்போது தேவையான ஆளுக்கு மட்டும் முதல் நாளே போனில் தகவல் வந்துவிடும், வண்டியும் வந்துவிடும். ஆனால் ஜெயக்கொடிக்கு ஒரு தனி வருத்தம் உண்டு, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. முன்பு எங்காவது ஒரு கொத்தனார் சொல்லாமல் கொள்ளாமல் மட்டம் போட்டுவிடுவார். மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டு, சரி அந்தக் கரணையை எடு, நாலு வரி கல் வை என்று அவளிடம் சொல்வார். வராத கொத்தனார்களின் புண்ணியத்தில்தான் அவள் கல் வைக்கக் கற்றுக்கொண்டாள். ஜோசியர் வந்த பிறகு யாரும் வராமல் இருப்பதில்லை. ஆறு வருடமாகக் கலவை அள்ளும் அந்தக் கரணை அவள் கைக்கு வரவே இல்லை. தலைச் சும்மாடுதான் மிச்சம்.

பலகைக்குக் கீழே உதவி மையக் கூண்டில் இன்பராஜ் என்கிற பொறியியல் படித்த பையன் உட்கார்ந்திருப்பான். அன்று நாற்பத்துமூன்று பெண்கள் ஒரே நேரத்தில் அந்தக் கூண்டை மொய்த்ததில் அவனுக்கு மூச்சு முட்டியது. விதிப் புத்தகத்தைத் தேடியெடுத்துப் படித்துச் சொன்னான். தேவை இருந்து, பதிவில் அந்த வேலைக்குப் போதிய ஆள் இல்லையென்றால், வேறு வேலைக்கான அட்டை வைத்திருப்பவர் ஒருவர் ஒரு நாள் அதைச் செய்து பார்க்கலாம். மாலை ஐந்து மணிக்குள் பதிவு பெற்ற கொத்தனார் ஒருவர் வந்து சோதித்துக் கைரேகை வைத்துவிட்டால் அட்டை மாறிவிடும். வைக்காவிட்டால் ஆள் கிடைக்கவில்லை என்று பதிவாகும், நாளைக்குப் பலகை பழையபடி பூஜ்ஜியத்துக்குப் போய்விடும்.

"அப்ப இன்னிக்கு ஒரு நாள்தான்" என்றாள் ஜெயக்கொடி.

"இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும்தான்கா" என்றான் அவன்.

இடம் ஒன்று, ஆள் நாற்பத்துமூன்று. சீட்டுப் போடலாமா என்று ஒருத்தி கேட்டாள். வேலைக்கு ஆள் எடுக்கிறோமா, ஏலச்சீட்டா என்று இன்னொருத்தி கடிந்தாள். கடைசியில் மேரிதான் வழி சொன்னாள். எதிரே இருக்கும் டீக்கடைச் சுவர் எந்தப் பக்கம், எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று இங்கிருந்தே கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும், சரியாகச் சொல்பவள் போகட்டும். பாதிப்பேர் சுவர் நேராகத்தான் இருக்கிறது என்றார்கள். சிலர் இடது பக்கம் என்றார்கள். ஜெயக்கொடி ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, வலது பக்கம், மேலே முக்கால் விரல் என்றாள். ஒருத்தி ஓடிப்போய் நூலில் கட்டிய தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். முக்கால் விரல். பெண்கள் போட்ட கூச்சலில் டீக்கடைக்காரர் கடை விழப்போகிறது என்று நினைத்து வெளியே ஓடி வந்தார்.

இத்தனையையும் பிச்சைமணி மேஸ்திரி பீடியைப் பற்றவைக்காமல் வாயில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருட மேஸ்திரி, பதிவு பெற்ற கொத்தனாரும்கூட. கெட்ட மனுஷர் இல்லை, தன் வாயை அடக்கத் தெரியாதவர், அவ்வளவுதான். எந்திரத்துக்கும் வயசாகுமில்லையா, கண்ணு மங்கியிருக்கும் என்று தன் ஆட்களிடம் சொல்லிச் சிரித்தார்.

ஜோசியரின் வழக்கப்படி ஒவ்வொரு பிரிவுக்கும் தனி வண்டி. பெண் கொத்தனார் பிரிவுக்கும் ஒரு மினி பஸ் வந்து நின்றது, இருபது இருக்கை, ஒரே ஒரு பயணி. தனக்கு உதவிக்குச் சித்தாளாக மேரியை எழுதிக்கொடுத்து ஜெயக்கொடி அவளையும் ஏற்றிக்கொண்டாள். இரண்டு பேரும் இருபது இருக்கையிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தார்கள். புத்தூர் வருவதற்குள் ஓட்டுநர் மூன்று முறை கண்ணாடியில் பார்த்து முறைத்தார்.

இறங்கிய இடம் வேலைக்குப் போகும் பெண்களின் விடுதி. அறுபத்திரண்டு பெண்கள், நாலே நாலு குளியலறை. பின்னால் இருக்கும் பெரிய கூடத்தில் தடுப்புச் சுவர் எழுப்பினால் இன்னும் மூன்று குளியலறை கிடைக்கும். அதற்கான செங்கல் ஆறு வருடமாகப் பாசி பிடித்து அடுக்கிக் கிடந்தது. விடுதி ஆரம்பித்த நாளிலிருந்து ஆண் என்று ஒருவரும் அந்த வாசலைத் தாண்டியதில்லை, தாண்ட விடப்போவதும் இல்லை என்றார் வார்டன் எஸ்தர். ஒரு முறை விடுதிப் பெண்களே வீடியோ பார்த்துச் சுவர் கட்டினார்களாம். சுவர் மறுநாள் காலையில் படுத்துக்கொண்டது.

ஜெயக்கொடி செங்கல்லை நனையப் போட்டாள். நூல் பிடித்தாள். ஆறு வருடத்துக்குப் பிறகு கரணையைக் கையில் எடுத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. அழுதபடியே முதல் வரியை வைத்தாள். மாடிப்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த பெண்கள், அன்று பாதிப்பேர் வேலைக்கு லீவு போட்டிருந்தார்கள், ஒவ்வொரு வரி முடிந்ததும் கை தட்டினார்கள். கலவைச் சட்டியைத் தூக்கி வந்த மேரிக்கும் தனியாகக் கைதட்டல் கிடைத்தது. பத்தொன்பது வருடத்தில் சட்டி தூக்கியதற்குக் கைதட்டல் வாங்கியது அன்றுதான் என்று அவள் சட்டியோடு ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

பதினோரு மணிக்கு வார்டன் மோர் கொண்டுவந்தார். கொடுத்துக்கொண்டே, இன்னொரு கொத்தனார் எப்போது வருவார் என்று கேட்டார்.

தான் ஒருத்திதான் வந்திருப்பதாக ஜெயக்கொடி சொன்னாள். பலகையிலேயே ஒன்றுதான் போட்டிருந்தது.

"நான் ரெண்டு பேர் வேணும்னு போட்டிருந்தேனேம்மா" என்றார் எஸ்தர். "ஆறு வருஷமா மாசாமாசம் ஒரு ஆள் கேட்டு எழுதுறேன். ஒவ்வொரு தடவையும் தேவை இல்லைன்னு பதில் வரும். எனக்குத் தேவையா இல்லையான்னு அதுக்கு எப்படித் தெரியும்? இந்த மாசம் கோபத்துல ரெண்டுன்னு போட்டுட்டேன்."

ஜெயக்கொடி வாயருகே கொண்டுபோன மோரை நிறுத்தினாள். ஒரு நிமிடம் சுவரைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. இவளுக்கு வெயில் ஏறிவிட்டது என்று மேரி தண்ணீர் தெளிக்கப் போனாள்.

கட்டட வேலையில் ஊறியவர்களுக்கு அது சாதாரண விஷயம். எந்த மேஸ்திரியும் தேவைக்கு ஒரு ஆள் கூடத்தான் கேட்பார். ஐந்து பேர் வேண்டுமென்றால் ஆறு என்பார். யாராவது ஒருவன் வராமல் போவான் என்பது கணக்கு. தலைமுறை தலைமுறையாக அப்படித்தான்.

ஜெயக்கொடி இன்பராஜை உடனே வரச்சொல்லிப் போன் போட்டாள். அவன் பத்து நிமிடத்தில் ஸ்கூட்டரில் வந்தான். வாசலுக்கு உள்ளே விடமாட்டார்கள் என்பதால் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றான். இந்தப் பக்கம் கலவைக் கையோடு ஜெயக்கொடி நின்றாள், பின்னால் முப்பது பெண்கள் நின்றார்கள்.

"தம்பி, மேஸ்திரிங்க ஆள் கேட்டா உங்க ஜோசியர் அப்படியே எடுத்துக்குமா?"

"இல்லக்கா. ஆரம்பத்துல அப்படியே எடுத்துக்கிட்டு எல்லா சைட்லயும் ஒரு ஆள் சும்மா உக்காந்திருந்தாங்க. அப்புறம் அதுவே கத்துக்கிச்சு. எல்லாரும் ஒண்ணு கூடக் கேக்குறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு ஒண்ணைக் கழிச்சிரும். அதுக்கப்புறம்தான் கணக்கு கச்சிதமா வந்துச்சு."

"ஒண்ணே ஒண்ணு கேட்டவங்களுக்கு?"

"ஒண்ணுல ஒண்ணு போனா..." என்று ஆரம்பித்தான் இன்பராஜ். கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"ஆனா அது தப்பே பண்ணினதில்லக்கா" என்றான் மெதுவாக. "தேவை பூஜ்ஜியம்னு சொல்லும். ஆள் அனுப்பமாட்டோம். ஆள் போகாததால வேலை நடக்காது. சாயங்காலம் பாத்தா பெண் கொத்தனார் வேலை ஒண்ணும் நடக்கல, பூஜ்ஜியம்னு சொன்னது சரின்னு மார்க் போட்டுக்கும்."

"பரீட்சையே எழுதாம நூத்துக்கு நூறு" என்றார் எஸ்தர்.

கொத்தனாரில் பெண்தான் வேண்டும் என்று ஊரில் யார் கேட்பார்கள்? விடுதிக்காரர்கள், கன்னிமாடத்தார், தனியாக இருக்கும் டீச்சரம்மா, பகலில் வீட்டில் ஆண்கள் இல்லாத குடும்பம். எல்லாம் சில்லறை வேலை. எல்லாருக்கும் ஒரே ஒரு ஆள் போதும். அவர்களுக்கு மேஸ்திரி புத்தி கிடையாது, தேவையானதை மட்டும் கேட்டார்கள். இன்பராஜ் போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, இப்போதைக்குக் காத்திருக்கும் கோரிக்கை மட்டும் அறுநூற்றுச் சொச்சம் என்றான். அதைச் சொன்னபோது அவன் முகம் தொங்கிப்போனது. எந்திரத்தைத் திருத்த முடியாதா என்று எஸ்தர் கேட்டார். முடியும், மூன்று குழு கூடி ஒப்புதல் தர எட்டு மாதம் ஆகும் என்றான்.

"எட்டு மாசம் எதுக்கு?" என்றாள் ஜெயக்கொடி. "எல்லாரும் ரெண்டுன்னு கேட்டாப் போச்சு."

படிக்கட்டில் இருந்த பெண்கள் எல்லாருடைய கையிலும் போன் வந்துவிட்டது. இன்பராஜ் அதைப் பார்த்தான். தான் இன்றைக்கு இங்கே வரவே இல்லை என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினான்.

சந்தோஷத்தில் ஜெயக்கொடி வைத்த ஆறாவது வரி கோணலாகிப் போனது. பிரித்து மறுபடி வைத்தாள். சுவர் தோளுயரம் வந்தபோது மணி நாலேகால். சோதிக்கப் பிச்சைமணி மேஸ்திரி வந்து சேர்ந்தார். வேறு யாரும் வர ஒப்புக்கொள்ளவில்லையாம், இவர் வேடிக்கை பார்க்கலாம் என்று வந்திருக்கிறார். செருப்பைக் கழற்றி உள்ளே கால் வைக்கப் போனவரை எஸ்தர் கையை நீட்டித் தடுத்தார்.

சோதிக்காமல் கைரேகை வைக்க முடியாது என்றார் மேஸ்திரி. ஆண்பிள்ளையை உள்ளே விட முடியாது என்றார் வார்டன். போன் கேமராவில் காட்டுகிறோம் என்றார்கள் பெண்கள். கேமராவில் தன் மூக்கே கோணலாகத்தான் தெரிகிறது, அதை நம்பிக் கைரேகை வைக்கமாட்டேன் என்றார் அவர். அதுவும் நியாயம்தான். மணி நாலு இருபது. உள்ளே சுவர் நேராக நின்றுகொண்டிருந்தது, அதை ஒப்புக்கொள்ளத்தான் ஊரில் ஆளில்லை.

"மேஸ்திரி, நீங்க உள்ள வர வேண்டாம்" என்றாள். "இங்கயே ரோட்டோரத்துல கட்டிக் காட்டுறேன். என்ன வேணும்னு சொல்லுங்க."

அவர் வாயிலிருந்த பீடியை எடுத்தார். இதை அவர் எதிர்பார்க்கவில்லை.

"ஒன்பது அங்குலத்துக்கு ஒன்பது அங்குலம் தூண்" என்றார். "இடுப்பு உசரம். நாலு பக்கமும் குண்டு பாப்பேன்."

வரிக்கு இரண்டு கல்தான். ஆனால் நாலு முகமும் ஒரே நேரத்தில் நேராக நிற்க வேண்டும், பழகிய கொத்தனாருக்கே அது சில நேரம் தப்பிப்போகும். கையில் இருப்பது நாற்பது நிமிடம்.

அதற்குப் பிறகு நடந்ததைப் புத்தூர்க்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். மேரி உள்ளிருந்து கல்லையும் கலவையையும் ஓட்டமும் நடையுமாகக் கொண்டுவந்தாள். விடுதிப் பெண்கள் வாசலுக்குள் வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றினார்கள். கடைக்காரர்கள் வந்தார்கள், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் வந்தார்கள், என்ன விற்கிறார்கள் என்று கேட்டபடி ஒரு பெரியவர் பையோடு வந்தார். ஜெயக்கொடி யாரையும் பார்க்கவில்லை. கல்லைப் பார்த்தாள், நூலைப் பார்த்தாள். பன்னிரண்டாவது வரி முடிந்தபோது நாலு ஐம்பத்திரண்டு.

மேஸ்திரி தூக்குக்குண்டை எடுத்துத் தொங்கவிட்டார். குண்டு ஆடியது. தூணை விட்டு அரை விரல் விலகிப் போயிற்று.

"தப்பும்மா" என்றார்.

"குண்டு நிக்கலையே மேஸ்திரி" என்றாள் அவள். "பஸ் காத்து. அடங்கட்டும்."

காற்று அடங்க வேண்டுமென்றால் வண்டி நிற்க வேண்டும். சாயங்கால ஐந்து மணிக்குப் புத்தூர் ரோட்டில் வண்டி நிற்பதாவது. எஸ்தர் வார்டன் இருபது வருடத்தில் முதல் முறையாக வாசலை விட்டு நடுரோட்டுக்கு வந்து இரண்டு கையையும் அகல விரித்து நின்றார். ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. அதன் பின்னால் லாரி நின்றது. டவுன் பஸ் ஓட்டுநர் ஜன்னலில் தலையை நீட்டி விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, தானே எஞ்சினை அணைத்தார். பின்னால் ஹாரன் அடித்தவனைப் பஸ்ஸில் இருந்தவர்கள் திட்டி அடக்கினார்கள். ரோடு முழுக்க ஒரு தூக்குக்குண்டு ஆடி ஓய்வதற்காகக் காத்திருந்தது.

குண்டு ஓய்ந்தது. கல்லைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

மேஸ்திரி குனிந்து பார்த்தார். அடுத்த பக்கம் போனார். மூன்றாவது பக்கம், நாலாவது பக்கம். எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டு முதல் பக்கத்தை இன்னொரு முறை பார்த்தார். இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். நீங்கள் எல்லாம் வராத நாளில் நானே கற்றுக்கொண்டது என்றாள். அவர் கட்டைவிரலைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு கைரேகை வைத்தார். டவுன் பஸ் ஓட்டுநர் ஹாரனை அடித்தார், இந்த முறை யாரும் திட்டவில்லை.

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அந்தச் செய்தி விடுதி விடுதியாக, மாடம் மாடமாக, டீச்சரம்மா டீச்சரம்மாவாகப் போனது. ரெண்டு கேளுங்கள், ஒன்று வரும். திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்குப் பலகை ஒளிர்ந்தபோது ஏழாவது வரியில் 618 என்றிருந்தது. பதிவில் இருப்போர், 1.

பிச்சைமணி மேஸ்திரி அந்த வரியைப் பார்க்கவில்லை. முதல் வரியைத்தான் பார்த்தார், ஆண் கொத்தனார் எத்தனை குறைந்தது என்று. 4,210. சனிக்கிழமையும் 4,210தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு ஆள்கூடக் குறையவில்லை. கூண்டுக்குப் போய், எங்கள் வேலையிலிருந்து எடுத்துத்தானே இவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள், கணக்கு இடிக்கிறதே என்று இன்பராஜைக் கேட்டார்.

"உங்க வேலை இல்ல மேஸ்திரி அது" என்றான் அவன். "யாரும் செய்யாமலே கிடந்த வேலை."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். பீடியைப் பற்றவைத்தார்.

இதற்குள் பலகைக்குப் பின்னால் இருந்த காலி மனை அமளிப்பட்டது. பெண் கொத்தனாரைச் சோதிக்கப் பெண் கொத்தனாரே போதும் என்று விதியில் இருந்ததை இன்பராஜ் கண்டுபிடித்துவிட்டான். ஊரில் அப்படி ஒருத்திதான் உண்டு, அவளுக்கும் அனுபவம் ஒரு நாள்தான். முதல் நாள் நாற்பத்திரண்டு பேர், நாற்பத்திரண்டு தூண். மனை முழுக்க இடுப்பளவுத் தூண்கள் எழுந்து நிற்க, நடுவே ஜெயக்கொடி தூக்குக்குண்டைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாதிப்பேர் ரகசியமாகக் கல் வைக்கக் கற்று வைத்திருந்தார்கள், அவளைப் போலவே, ஒருவருக்கொருவர் சொல்லாமலே.

முதலில் முடித்தவள் ஆரோக்கியமேரி. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, போட்டோ எடுக்கக் காத்திருப்பவள்போல நின்றாள். ஜெயக்கொடி குண்டைத் தொங்கவிட்டாள். மூன்று பக்கம் சரி. நாலாவது பக்கம் மேலே ஒரு விரல் வெளியே தள்ளியிருந்தது. குண்டு நிற்கட்டும் என்று காத்திருந்தாள். நின்றும் ஒரு விரல்தான்.

ஜெயக்கொடிக்குச் சிரிப்பு போய்விட்டது. பத்தொன்பது வருடம் ஒன்றாகச் சட்டி தூக்கியவள். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவள். கைரேகை வைத்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் நாளைக்கு எங்கோ ஒரு வீட்டில், ஆறு வருடம் காத்திருந்தவர் ஒருவருக்கு, மேரி இப்படி ஒரு சுவர் எழுப்புவாள்.

"இடிச்சிட்டுக் கட்டுடி" என்றாள்.

சுற்றிலும் கரணைச் சத்தம் நின்றது. மேரி தூணைப் பார்த்தாள், குண்டைப் பார்த்தாள், தோழியைப் பார்த்தாள்.

"என்ன சொன்ன? இன்னொரு தடவை சொல்லு."

"ஒரு விரல் தள்ளியிருக்கு. இடிச்சிட்டுக் கட்டு."

"பத்தொன்பது வருஷமா கல்லு சுமக்குறேன்" என்றாள் மேரி. "சீக்கிரம் வான்னு சொல்லியிருக்காங்க, கலவைல தண்ணி ஜாஸ்தின்னு சொல்லியிருக்காங்க. இடிச்சிட்டுக் கட்டுன்னு கொத்தனாரைப் பாத்துத்தான் சொல்லுவாங்க. என்னைப் பாத்து ஒருத்தரும் சொன்னதில்லடி."

பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரே உதையில் தூணைத் தள்ளினாள். கல் உருண்டு போன சத்தத்துக்கு மனை முழுக்கச் சிரித்தது. கலவை இறுகுவதற்குள் அவள் கல்லைப் பொறுக்கிக் கழுவி, நூலைப் பிடித்து, முதல் வரியை மறுபடி வைக்க ஆரம்பித்தாள்.